அடிபட்ட விலங்கு: மருத்துவர் கைக்குப் போகும் முன் எதை முதலில் பார்ப்பது?

தெருவிளக்கு (திண்டுக்கல்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து, வண்டியில் அடிபடும் நாய், பூனைகளை மருத்துவமனையில் கொண்டுசேர்த்து வருகிறோம். புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் இந்த வேலை அடிக்கடி வந்துவிடுகிறது. அடிபட்ட இடத்தில் கூட்டம் கூடியதும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வாயில் தண்ணீர் ஊற்று என்பார் ஒருவர். உடைந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டு என்பார் இன்னொருவர். மஞ்சள் தூளை அப்பச் சொல்லி ஒரு குரல், மருத்துவர் வரும்வரை தொடவே கூடாது என்று மற்றொரு குரல். இந்தப் பேச்சிலேயே நேரம் ஓடிவிடுகிறது.

மருத்துவமனையில் மருத்துவர் எதை முதலில் பார்க்கிறார், அடுத்து எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தால், அதில் எங்களால் முடிந்ததைத் தெருவிலேயே பார்த்துவைக்கலாம் அல்லவா? இங்கே கால்நடை மருத்துவர்கள் இருக்கிறீர்கள். விளக்கமாகச் சொல்ல வேண்டுகிறேன்.

மருந்தகத்து மேசை (கரூர் மாவட்டம்)

அரசு கால்நடை மருந்தகத்தில் பணிபுரிகிறேன். நல்ல கேள்வி. எங்களிடம் விலங்கைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் முதல் வாக்கியம் "கால் உடைந்துவிட்டது, டாக்டர்" என்பதுதான். நாங்கள் கடைசியில் பார்ப்பது அந்தக் காலைத்தான். இதைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே பார்க்கத் தொடங்கிவிடுவோம். இரத்தம் பீறிட்டு வருகிறதா? அப்படியானால் வேறு எதற்கும் முன்பாக அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் கவனம் மூச்சுக்கு. காற்று உள்ளே போகும் வழி திறந்திருக்கிறதா, வாயில் இரத்தக்கட்டியோ வாந்தியோ உடைந்த பல்லோ அடைத்திருக்கிறதா, மார்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். பிறகு இரத்த ஓட்டம். அதன்பின் சுயநினைவு. இந்த நான்குக்கும் சேர்த்து ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம். இவற்றில் எதிலாவது கோளாறு தெரிந்தால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம். மூக்கு முதல் வால் வரையிலான முழுச் சோதனை, ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் அதற்குப் பிறகு.

இரத்த ஓட்டத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மேல் உதட்டை மெல்லத் தூக்கிப் பல்லுக்கு மேலுள்ள ஈறைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறத்தில், ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அதை ஒரு நொடி அழுத்தி எடுங்கள். விரல் பட்ட இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆகிறது, அல்லது ஈறே வெள்ளைத்தாள்போல் இருக்கிறது என்றால், வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாவிட்டாலும் உள்ளே கசிந்துகொண்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தால் இரத்தம் வயிற்றுக்குள்தான் தேங்கும். ஈறு நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. கறுப்பு ஈறுள்ள நாய்களும் உண்டு. அவற்றுக்குக் கீழிமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள்.

நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 மில்லி இரத்தம் உண்டு. பூனைக்கு 60 மில்லி அளவுதான். நான்கு கிலோ பூனையின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமும் ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலே உயிருக்கு ஆபத்து. தரையில் "கொஞ்சம்தான்" இரத்தம் கிடக்கிறது என்று சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

தண்ணீர் வேண்டாம். பால் வேண்டாம். மயக்க நிலையில் உள்ள விலங்கின் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். நினைவு தெளிவாக இருந்தாலும், அறுவைசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பதே பாதுகாப்பு.

பட்டிக்காரன் (காங்கேயம்)

ஐயா, நாய், பூனையோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் பக்கம் பட்டியில் அடைத்த ஆடுகளைத் தெருநாய்க் கூட்டம் கடித்துக் குதறுவது பெரும் தொல்லையாகிவிட்டது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் நான்கைந்து ஆடுகள் காயத்துடன் நிற்கும். எதை முதலில் வண்டியில் ஏற்றுவது என்றே தெரியாது. கத்துகிற ஆட்டைத்தான் எல்லோரும் முதலில் தூக்குகிறோம்.

இரவுப்பணி (சென்னை)

அண்ணா, கத்துகிற ஆட்டுக்கு மூச்சு இருக்கிறது, நினைவும் இருக்கிறது. ஓரமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நிற்கும் ஆட்டைத்தான் முதலில் தூக்க வேண்டும்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது ஒரு மருத்துவமனையில் இரவு நேரப் பணியில் இருக்கிறேன். 1903இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முதலில் பழக்கியது இந்த வரிசைப்படுத்தலைத்தான். ஒரே நேரத்தில் மூன்று விலங்குகள் வந்தால் யார் முதலில் வந்தார், யார் அதிகமாக அழுகிறார் என்று பார்க்கக் கூடாது. எது முதலில் இறந்துபோகும் என்று பார்க்க வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர் வரிசையில் காத்திருந்தே போய்விடும்.

இதற்கு ஒரு மதிப்பெண் முறையே உண்டு. 1994இல் அமெரிக்காவில் அடிபட்ட நாய், பூனைகளை வைத்து உருவாக்கினார்கள். ஆறு தலைப்புகள்: இரத்த ஓட்டம், இதயம், மூச்சு, கண்ணும் தசையும் தோலும், எலும்பு, நரம்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 18. மதிப்பெண் ஏற ஏறப் பிழைக்கும் வாய்ப்பு குறையும். மருத்துவர் ஐயா காலைப் பற்றிச் சொன்னது இதில் அப்படியே தெரியும். எலும்புக்கு ஆறில் ஒரு பங்குதான். கால் மட்டும் உடைந்து மற்ற எல்லாம் சரியாக இருக்கும் நாய் 18க்கு 2 அல்லது 3 வாங்கும். எலும்பே உடையாமல் ஈறு வெளுத்து, மூச்சுத் திணறி, பாதி மயக்கத்தில் கிடக்கும் நாய் எட்டு, ஒன்பதைத் தொட்டுவிடும். பார்ப்பவர் கண்ணுக்கோ முதல் நாய்தான் பயங்கரமாகத் தெரியும்.

மருந்தகத்து மேசை

பட்டிக்காரர் அவர்களே, நாய்க்கடி பட்ட ஆட்டில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. வெளியே பல் பதிந்த இரண்டு சிறு துளைகள்தான் தெரியும். நாய் கடித்த வாயோடு உதறுவதால் தோலுக்கு அடியில் தசை நார்நாராகக் கிழிந்திருக்கும். கழுத்தில் கடிபட்ட ஆடு என்றால் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். தோலுக்குக் கீழே பொரபொரவென்று நொறுங்குவது கையில் தட்டுப்பட்டால், மூச்சுக்குழாய் கிழிந்து காற்று தோலடியில் பரவுகிறது என்று பொருள். அந்த ஆடு நின்றுகொண்டிருந்தாலும், இலையை மென்றுகொண்டிருந்தாலும், அதுதான் முதலில் வண்டி ஏற வேண்டும்.

காயத்தில் மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதிலேயே எங்களுக்கு நேரம் போகிறது. உப்புக் கரைசலோ சுத்தமான தண்ணீரோ விட்டுக் கழுவி, வெளுத்த துணியால் மூடிக் கொண்டுவந்தால் போதும். ஆடுகளுக்கு ரண ஜன்னி (டெட்டனஸ்) எளிதில் வரும். அதற்கான ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கடித்த நாய்க்கு வெறி இருந்திருக்கலாம் என்பதால் ஆட்டுக்கு வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதையும் அன்றே கேட்க வேண்டும்.

பூனைவீடு (மதுரை)

பூனைகளைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், மருத்துவர் ஐயா சரிபார்க்கட்டும். பூனை வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அது அவசரம். நாய் ஓடிவிட்டு வந்து இளைப்பது வேறு. பூனை அப்படிச் செய்யாது. மூச்சுக்குத் தவிக்கும் பூனையைப் பிடித்து மல்லாத்துவது, இறுக அணைத்துத் தூக்குவது, கூட்டமாக நின்று எட்டிப்பார்ப்பது எல்லாமே அதைக் கொன்றுவிடும். நாங்கள் பக்கவாட்டில் துளையிட்ட அட்டைப்பெட்டியை அருகில் சாய்த்துவைத்து, துவாலையோடு அப்படியே உள்ளே நகர்த்துகிறோம். மேலே ஒரு துணி போர்த்தி இருட்டாக்கிவிட்டால் கொஞ்சம் அமைதியாகிவிடும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான மருந்து, அதனால் ஒன்றும் செய்யாது என்று நினைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் முகம் வீங்கி, ஈறு சாக்லேட் நிறமாக மாறிய பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அரை மாத்திரையே போதும் ஒரு பூனையைக் கொல்ல. வாகனத்தில் அடிபட்டுப் பிழைத்த உயிரை நம் கையால் நஞ்சூட்டிச் சாகடிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மருந்தகத்து மேசை

சரியாகச் சொன்னீர்கள், அம்மா. பூனையில் இன்னொரு வேறுபாடும் உண்டு. இரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போன நாயின் இதயம் படபடவென்று வேகமாக அடிக்கும். பூனையின் இதயம் பல நேரம் மெதுவாகிவிடும், உடம்பும் சில்லிட்டுப் போகும். நிமிடத்துக்கு 140 முதல் 220 வரை துடிக்க வேண்டிய பூனையின் இதயம் 100, 110 என்று துடித்தால் "நிதானமாக இருக்கிறது" என்று நிம்மதி அடையக் கூடாது. பாதத்தைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் துணி சுற்றி வெதுவெதுப்பாகக் கொண்டுவாருங்கள். வெந்நீர்ப் பையை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள், வெந்துவிடும்.

வலி மருந்து விஷயத்தில் நாய்க்கும் அதே எச்சரிக்கை. வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். அதிர்ச்சியில் இருக்கும் உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மருந்துகள் அதை மேலும் குறைத்துவிடும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாட்டின் உடலைத் தின்று கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால் வந்த தடை அது. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளை நினைத்தாவது அந்த ஊசியை எடுக்காதீர்கள். வலியைப் போக்க எங்களிடம் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் பார்த்த கையோடு கொடுத்துவிடுவோம்.

நான்கு மாடு (விழுப்புரம்)

மாடு அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எங்கள் ஊரில் கிணற்றில் விழுந்த மாடுகளையும் சாலையில் லாரி இடித்த மாடுகளையும் பார்த்திருக்கிறேன். 1962க்கு அழைத்தால் மருத்துவ ஊர்தி வருகிறது. நல்ல உதவி. ஆனால் அது வந்துசேரும்வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மருந்தகத்து மேசை

மாட்டைப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க விடாதீர்கள். இது ஒன்றைத்தான் முதலில் செய்ய வேண்டும். அசைபோடும் விலங்கு அப்படிக் கிடந்தால் வயிற்றில் உண்டாகும் காற்று ஏப்பமாக வெளியேற முடியாமல் வயிறு உப்பும். உப்பிய வயிறு நுரையீரலை நெருக்கும். இரைப்பையில் இருப்பது எதிர்த்து வந்து மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடலாம். நெஞ்சு தரையில் பதிய, கால்கள் மடங்கியபடி, சாதாரணமாகப் படுத்து அசைபோடும் நிலைக்குக் கொண்டுவந்து, இருபுறமும் வைக்கோல் திணித்த சாக்கு மூட்டைகளை அண்டை கொடுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் முடியும். முதுகெலும்போ இடுப்போ நொறுங்கியிருக்கும் என்று சந்தேகம் இருந்தாலும், மெதுவாக, உடல் முழுவதும் ஒரே சமயத்தில் திரும்பும்படி திருப்ப வேண்டும். வாலைப் பிடித்து இழுத்து எழுப்பப் பார்ப்பது, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது.

கொம்பு உடைந்தால் இரத்தம் கொட்டும், பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். கெட்டியான துணியை வைத்து இறுக்கி அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். இடையிடையே துணியைத் தூக்கி "நின்றுவிட்டதா" என்று பார்க்காமல் ஐந்து நிமிடமாவது தொடர்ந்து அழுத்துங்கள். உறைந்ததைப் பிரித்துப் பார்த்தால் மறுபடி ஊறும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

கிணற்றில் விழுந்த மாட்டுக்குத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். கழுத்தில் கயிறு கட்டித் தூக்கிய மாடு மேலே வருவதற்குள் மூச்சு முட்டிப் போயிருக்கும். அகலமான பட்டையை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் அடியில் கொடுத்துத் தூக்குவதே முறை. மேலே வந்த மாடு எழாமல் கிடந்தால் அடிபட்டதால்தான் எழவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அண்மையில் கன்று ஈன்றதா என்று சொல்லுங்கள். சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைந்து தள்ளாடி விழுந்த மாடாகவும் இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

மின்கம்பிக்குப் பக்கத்தில் கிடக்கும் எந்த விலங்கையும் மின்சாரத்தை நிறுத்தியது உறுதியாகும்வரை தொடாதீர்கள்.

தெருவிளக்கு

நன்றி, ஐயா. எங்கள் குழுவில் ஒரு கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. நடுவழியில் அடிபட்ட நாய் பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்கிறது. சிலர் "முதுகு போய்விட்டது, கருணைக்கொலைதான் நல்லது" என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த முடிவை அந்த இடத்தில் எடுக்க முடியுமா?

இரவுப்பணி

முடியாது. உறுதியாகச் சொல்கிறேன்.

அடிபட்ட நாயின் முன்னங்கால்கள் கட்டைபோல் விறைத்து, பின்னங்கால்கள் துவண்டு கிடக்கும் காட்சி ஒன்று உண்டு. பார்த்தவுடன் மூளையே சிதறிவிட்டது என்று தோன்றும். நடுமுதுகுக்குக் கீழே தண்டுவடத்தில் அடி விழுந்தால் அப்படி ஆகும். அந்த விறைப்பை மட்டும் வைத்து அது பிழைக்குமா, நடக்குமா என்று சொல்லவே முடியாது. இன்னொரு நாய்க்கு இடுப்பெலும்பு மட்டும் உடைந்திருக்கும். அதுவும் இழுத்துக்கொண்டுதான் நகரும். இடுப்பெலும்பு முறிவு பல நேரங்களில் அறுவையில்லாமல், சில வாரம் கூண்டில் அடைத்துவைத்துக் கவனித்தாலே கூடிவிடும்.

நாங்கள் பார்ப்பது ஆழ்ந்த வலியுணர்வு. பின்னங்கால் விரலின் எலும்பைக் கிடுக்கியால் அழுத்துவோம். கால் சுருக்கென்று உள்ளே இழுத்தால் "உணர்ச்சி இருக்கிறது" என்று கூடியிருப்பவர்கள் மகிழ்ந்துவிடுவார்கள். அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மூளைவரை போயிற்று என்று சொல்ல முடியும். அதிர்ச்சி நிலையில் மங்கிக் கிடக்கும் நாய் இதற்குச் சரியாகப் பதில் சொல்லாது. அதனால் முதலில் சலைன் ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, இரத்த ஓட்டம் சீரான பிறகு மறுபடி சோதிப்போம். எக்ஸ்ரேயும் எடுத்து, வலியுணர்வும் இல்லை என்று உறுதியானபின் எடுக்கும் முடிவு வேறு. சாலையோரத்தில் கூட்டம் சொல்வதைக் கேட்டு எடுக்கும் முடிவு வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது, முதுகு வளையாமல் கொண்டுவருவது. பலகை, பழைய கதவு, கெட்டியான பிளக்ஸ் தட்டி எது கிடைத்தாலும் அதன்மேல் போர்வையோடு இழுத்து ஏற்றி, தோளிலும் இடுப்பிலும் துணியால் கட்டுங்கள். கழுத்தில் கட்டாதீர்கள். தலையில் அடிபட்டிருந்தால் பலகையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள்.

பட்டிக்காரன்

வலியில் இருக்கும் நாய் கடிக்க வருமே, தம்பி. எப்படித் தூக்குவது?

இரவுப்பணி

எவ்வளவு பழகிய நாயும் கடிக்கும், அண்ணா. அகலமான துணிப்பட்டையால் மூக்குத்தண்டைச் சுற்றி, தாடைக்கு அடியில் ஒரு சுற்று, காதுகளுக்குப் பின்னால் முடிச்சு. ஆனால் மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், முகத்தில் அடிபட்ட நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது. அவற்றுக்குத் தலைமேல் கனமான போர்வையைத் தளர்வாகப் போட்டுத் தூக்குங்கள். மீறிக் கடித்துவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நாயைக் காப்பாற்றப் போனவர் தன்னைப் பார்த்துக்கொள்ளாமல் விடுவது எனக்குப் பெரும் வருத்தம் தரும் விஷயம்.

பூனைவீடு

அடிபட்ட சிறிது நேரத்தில் எழுந்து நடந்துபோய்விடும் நாய்களும் இருக்கின்றனவே. அவற்றைப் பிடித்துக் காட்டத்தான் வேண்டுமா?

மருந்தகத்து மேசை

கட்டாயம் காட்ட வேண்டும். நுரையீரலில் விழுந்த அடி அன்றைக்குத் தெரியாமல் அடுத்த 24 மணி நேரத்தில் மோசமாகலாம். சிறுநீர்ப்பை கிழிந்த நாய் முதல் நாள் வாலை ஆட்டிக்கொண்டுகூட நிற்கும். சிறுநீர் வயிற்றுக்குள் கசிந்து, இரண்டாம் நாள் சோறு தின்னாமல், வாந்தியெடுத்துச் சுருண்டுவிடும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறிய நாய்கள் வாரக்கணக்கில் கழித்து மூச்சிரைப்போடு வந்ததுண்டு. அடிபட்ட நாய் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று கவனித்துச் சொல்லுங்கள். எங்களுக்குப் பெரிய உதவி அது. சிறுநீர் கழித்தாலும் பை முழுதாக இருக்கிறது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம்.

குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், ஈரத்துணியால் மூடுங்கள். கண் பிதுங்கி வந்திருந்தாலும் அதேதான், காயவிடாமல் ஈரமாக வைத்திருங்கள். உடம்பில் குத்திய கம்பியைப் பிடுங்காதீர்கள். அதுதான் அடைப்பாக இருந்து இரத்தத்தை நிறுத்திவைத்திருக்கும்.

நான்கு மாடு

ஊர்தி வரட்டும் என்று காத்திருப்பதா, நாமே வண்டி பிடித்துக் கொண்டுபோவதா? இதையும் சொல்லிவிடுங்கள்.

மருந்தகத்து மேசை

மாடு என்றால் 1962க்கு அழைத்துவிட்டுக் காத்திருங்கள். அந்த ஊர்தி கால்நடைகளை மனத்தில் வைத்து ஏற்படுத்தியது. மாட்டைக் குட்டியானை வண்டியில் அடித்துத் திணித்துக் கொண்டுவருவது கூடுதல் காயத்தில்தான் முடியும். நாய், பூனை, ஆடு என்றால், ஈறு வெளுப்பு, மூச்சுத் திணறல், நினைவு மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஆக்சிஜனும் ஊசியும் எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் நிற்போம்.

தெருவிளக்கு

அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு எங்கள் குழுவுக்காக ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். "ஆண் நாய். அரை மணி நேரத்துக்கு முன் கார் இடித்தது. மூச்சு வேகமாக, மேலோட்டமாக இருக்கிறது. ஈறு வெளுப்பு, அழுத்தினால் நிறம் திரும்ப மூன்று நொடி. கூப்பிட்டால் கண் திறக்கிறது, தலை தூக்கவில்லை. வலது பின்னங்காலில் எலும்பு வெளியே தெரிகிறது, ஈரத்துணி சுற்றியிருக்கிறோம். தண்ணீர், மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் வந்துவிடுவோம்." இது போதுமா, ஐயா?

மருந்தகத்து மேசை

இப்படி ஓர் அழைப்பு வந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும். காலைக் கடைசியில் சொன்னதற்குத் தனியாக என் நன்றி. இரண்டே திருத்தங்கள். தோராயமான எடையைச் சேருங்கள். ஊசியின் அளவையும் ஏற்ற வேண்டிய திரவத்தின் அளவையும் எடையை வைத்துத்தான் கணக்கிட்டு முன்கூட்டியே எடுத்துவைக்க முடியும். அடுத்து, மூச்சை எண்ணிச் சொல்லுங்கள். மார்பு ஏறுவதைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அமைதியாக இருக்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை இயல்பு. வழியில் மறுபடி ஒருமுறை எண்ணுங்கள். முதலில் 40 இருந்து பிறகு 60 ஆகியிருந்தால் இறங்கும்போதே அதை உரக்கச் சொல்லிக்கொண்டு இறங்குங்கள். மார்பிலிருந்து காற்றை எடுக்கும் ஊசியோடு வாசலுக்கே வந்துவிடுவோம்.